கடைக் கணக்கும் முதல் சம்பளமும்



பட்டம் பெற்று வேலைக்குச் சேர்ந்த மகனோ மகளோ முதல் மாதச் சம்பளத்தில் என்ன வாங்க வேண்டும்? அம்மாவுக்கு ஒரு சேலை, அப்பாவுக்கு ஒரு சட்டை என்று சிலர் கூறுவர். முதலில் கோயிலில் ஓர் அர்ச்சனை, பிறகு மற்றதெல்லாம் என்று பாட்டி கூறுவார். புதிய கைப்பேசி, மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம், நண்பர்களோடு பட்டணத்தில் ஒரு படம் என்று அந்தப் பிள்ளையின் மனம் வேறு கணக்குப் போடும். இவற்றில் எதுவும் குற்றமன்று. உழைத்தவர் உழைப்பின் பயனை அனுபவிக்கத்தான் வேண்டும்.

ஆயினும், "இது என் பணம், நான் விரும்பிய கடையில், விரும்பிய பொருளை வாங்குவேன்" என்று ஒரு தோட்டத்துப் பிள்ளை இன்று சொல்ல முடிகிறதே, அந்த உரிமை எப்படி வந்தது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? நம் பாட்டன் பாட்டிமாருக்கு அது எளிதில் கிடைத்ததன்று. அரிசி வாங்குவதற்கும், துணி எடுப்பதற்கும், சைக்கிள் ஓட்டுவதற்கும், படம் பார்ப்பதற்கும்கூட ஒரு வரலாறு உண்டு. மன்னர்களின் வரலாற்றைப் பாட நூலில் படிக்கிறோம். சாமான் வாங்கிய வரலாற்றை எழுதி வைத்தவர்கள் குறைவு. அதனால் இன்று அதைப் பற்றிப் பேசுவோம்.

கங்காணியின் கடை

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு நம் முன்னோர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வந்து சேர்ந்தனர். ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒரு சாரார். அந்த முறை 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. கங்காணிமார் தம் ஊர்ப்புறங்களிலிருந்து திரட்டிக் கொண்டு வந்தவர்கள் மற்றொரு சாரார். 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று ஏற்படுத்தப்பட்டது. ஆட்களை வேலைக்கு வைத்துக்கொண்ட முதலாளிகளிடம் வசூலித்த பணத்தைக் கொண்டு, வருவோரின் பயணச் செலவு அந்த நிதியிலிருந்து கொடுக்கப்பட்டது. ஆகவே, சட்டப்படி பார்த்தால் பினாங்கில் கப்பலை விட்டு இறங்கியவர் கடன் இல்லாதவராகவே இறங்கினார்.

ஆனால் தோட்டத்திற்கு வந்து லயத்தில் அடுப்பு மூட்டிய அன்றே கடன் தொடங்கியது. சம்பளமோ மாதத்திற்கு ஒரு முறை. வயிறு மாதத்திற்கு ஒரு முறை பசிப்பதில்லை. அரிசி வேண்டும், கருவாடு வேண்டும், காய்ந்த மிளகாய், உப்பு, புளி, தேங்காயெண்ணெய், வெற்றிலை பாக்கு எல்லாம் வேண்டும். பட்டணம் பல மைல் தூரத்தில் இருந்தது. நடந்து போய்த் திரும்பினால் ஒரு நாள் பெயர் போய்விடும். பெயர் போனால் கூலி போகும். பக்கத்தில் இருந்தது தோட்டத்துக் கடை ஒன்றுதான்.

பல தோட்டங்களில் அந்தக் கடை கங்காணியுடையது அல்லது கங்காணிக்கு வேண்டியவருடையது. சற்றே எண்ணிப் பாருங்கள். ஆளை ஊரிலிருந்து அழைத்து வந்தவர் கங்காணி. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புபவர் கங்காணி. மாலையில் கடையில் அரிசி அளந்து கொடுத்துப் புத்தகத்தில் எழுதிக்கொள்பவரும் அவரே. இத்தனையும் ஒரே கையில் இருக்கும்போது, "விலை கூடுதலாக இருக்கிறதே" என்று கேட்க யாருக்குத் துணிவு வரும்? வேறு கடைக்குப் போனால் மறுநாள் கிடைக்கும் மரம் எப்படிப்பட்டதாக இருக்கும் என்ற அச்சம் இருந்தது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்தக் கணக்குப் புத்தகத்தை நம் முன்னோரில் பெரும்பாலோரால் வாசிக்க முடியவில்லை. வாங்கியது எவ்வளவு, அன்றைய விலை என்ன, போன மாதத்துப் பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் எழுதியவருக்கே வெளிச்சம். சம்பள நாளில் கடைக்காரர் சொல்லும் தொகையே தொகை.

நியாயமாகப் பேச வேண்டுமானால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிள்ளைப்பேறு, சாவு, காய்ச்சல் என்று வந்தபோது கடன் கொடுத்தவரும் அதே கடைக்காரர்தாம். வங்கியோ கூட்டுறவுச் சங்கமோ எட்டிப் பார்க்காத இடத்தில், ஈடு ஏதும் கேட்காமல் ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிக் கொடுத்தவர்களும் உண்டு. கங்காணிமாருக்குப் பின் கடை நடத்திய சீனத் தவுக்கேமாரிலும், தமிழ் முஸ்லிம் வணிகர்களிலும் நேர்மையானவர்கள் எத்தனையோ பேர். நாம் குறை கூறுவது ஆட்களையன்று. வாங்குபவருக்கு வேறு வழியே இல்லாமல் செய்த அந்த ஏற்பாட்டைத்தான்.

கூலி எவ்வளவு, அது எங்கே போயிற்று?

1920களின் பிற்பகுதியில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி வரையறுக்கப்பட்டிருந்தது. இருட்டோடு எழுந்து, ஆணுக்குச் சமமாக மரம் சீவிப் பால் எடுத்த பெண்ணுக்குப் பத்துக் காசு குறைவு. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது, 1930இல் இது ஆணுக்கு 40 காசாகவும் பெண்ணுக்கு 32 காசாகவும் குறைக்கப்பட்டது. ரப்பர் விலை வீழ்ந்ததால் பல்லாயிரக்கணக்கானோர் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டனர். தோட்டத்தில் எஞ்சியவர்களுக்குக் கூலி குறைந்தது. கடைப் பாக்கி குறையவில்லை.

கையில் மிஞ்சிய காசுக்குக் காத்திருந்த மற்றோர் இடம் கள்ளுக்கடை. தோட்டத்திற்குத் தோட்டம் கள்ளுக்கடை திறந்து வைக்கப்பட்டிருந்தது. உடல் அலுப்பைப் போக்க ஒரு மங்கு என்று தொடங்கியது, எத்தனையோ வீடுகளில் அடுப்பை அணைத்தது. இதை நம்மவர்கள் வாய்மூடிப் பார்த்துக் கொண்டிருந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. போருக்குப் பிறகு கெடா மாநிலத்தில் ஏ. எம். சாமி என்பவர் தொண்டர் படை ஒன்றைத் திரட்டினார். 1947ஆம் ஆண்டில் பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடைகளுக்கு எதிராக நடந்த கிளர்ச்சியில் பெண்களும் முன்னணியில் நின்றனர். சம்பளம் வீடு வந்து சேர வேண்டும் என்பதே அவர்களுடைய கோரிக்கை. வரவு செலவுத் திட்டம் என்ற சொல்லைக் கேள்விப்படாத பெண்கள், அதன் உட்பொருளை நன்றாக அறிந்திருந்தார்கள்.

சைக்கிளும் மானமும்

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் ஒன்று நடந்தது. ஆர். எச். நாதன் அதன் முன்னணித் தலைவர்களுள் ஒருவர். தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளை இன்று படித்தால் வியப்பாக இருக்கும். கூலி உயர்வு கேட்டார்கள். பிள்ளைகளுக்கு முறையான கல்வி, நல்ல மருத்துவ வசதி கேட்டார்கள். பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். உறவினரும் நண்பர்களும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்து போக வழி கேட்டார்கள். இவற்றோடு மற்றொன்றும் இருந்தது: துரைமார் முன்னும் தோட்ட உத்தியோகத்தர் முன்னும் சைக்கிளிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை வேண்டும் என்றார்கள்.

இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல முடியுமா? வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசில் ஒருவர் சைக்கிள் வாங்குகிறார். துரையின் கார் எதிரே வந்தால் கீழே இறங்கி ஒதுங்கி நிற்க வேண்டும். அப்படியானால் அந்த சைக்கிள் யாருடையது? பணம் கொடுத்தால் பொருள் சொந்தமாகும். அந்தப் பொருளோடு தலை நிமிர்ந்து போக முடிந்தால்தான் வாழ்க்கை சொந்தமாகும். இதை நம் முன்னோர் 1941இலேயே உணர்ந்து கேட்டார்கள். அதற்குக் கிடைத்த பதில் கொடுமையானது. நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவிற்கு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது. உயிர்களும் போயின.

காசு இருந்தும் பொருள் இல்லாத காலம்

அந்த ஆண்டு இறுதியில் ஜப்பானியர் படையெடுத்தனர். பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி அரிதாயிற்று. மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. துணி கிடைக்காமல் கோணிச் சாக்கை உடுத்தியவர்கள் உண்டு. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராதவர்கள் எண்ணற்றோர். ஜப்பானியர் அச்சிட்ட நோட்டில் வாழை மரத்தின் படம் இருந்ததால் மக்கள் அதை வாழைமர நோட்டு என்றார்கள். 1945இல் ஜப்பானியர் சரணடைந்ததும் அந்த நோட்டு வெறும் காகிதமாயிற்று. பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருந்தவர்களும் ஒரே நாளில் ஒன்றும் இல்லாதவர்களானார்கள். பணத்தைவிடப் பொன் மேல் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் ஏன் அவ்வளவு பிடிவாதமாக நம்பினார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1948இல் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் படையினருக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்பதற்காக அரசாங்கம் உணவைக் கட்டுப்படுத்தியது. தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. அரிசிக்கு அளவு விதிக்கப்பட்டது. கட்டுப்பாடு மிகுந்த இடங்களில், டின்னில் அடைத்த உணவை விற்கும்போது கடைக்காரர் அதைத் துளையிட்டே கொடுக்க வேண்டும். அப்போதுதான் அதைச் சேமித்து வைக்க முடியாது. வேலைக்காட்டுக்குப் போகிறவர்களைச் சோதனையிட்டார்கள். சோற்றுப் பொட்டலம் கொண்டு போவதும் குற்றமாயிற்று. அவசரகாலம் 1960ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள்தான் முடிவுற்றது. பன்னிரண்டு ஆண்டுக் காலம், கடைக்குப் போய் வருவதும் காவலுக்கு உட்பட்ட செயலாக இருந்தது.

சட்டம் சொன்ன ஒரு சொல்

இதற்கிடையில் இரண்டு நல்ல காரியங்கள் நடந்தன. பல சங்கங்களாகச் சிதறிக் கிடந்த தோட்டத் தொழிலாளர்கள் 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக ஒன்றுபட்டனர். பி. பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளரானார். மறு ஆண்டு, 1955இல், வேலைச் சட்டம் இயற்றப்பட்டது.

அந்தச் சட்டத்தில் நம் பேச்சுக்கு மிகவும் வேண்டிய இரண்டு விதிகள் இருக்கின்றன. சம்பளத்தை எந்த இடத்தில், எந்த முறையில், யாரிடம் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போட்டால், அந்த நிபந்தனை செல்லாது என்பது ஒன்று. மதுக்கடையிலோ, கேளிக்கை இடத்திலோ, சில்லறைச் சாமான் விற்கும் கடையிலோ வைத்துச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்பது மற்றொன்று. அந்தக் கடையிலேயே வேலை செய்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. சட்டப் புத்தகத்தில் இவை சில வரிகள்தாம். ஆனால் கங்காணி கடையையும் கள்ளுக்கடையையும் அறிந்தவர்களுக்கு, அந்தச் சில வரிகளுக்குள் எத்தனை குடும்பங்களின் கண்ணீர் இருக்கிறது என்பது புரியும்.

சம்பள நாள் சந்தை

சம்பள நாள் என்றால் தோட்டத்திற்கே ஒரு களை வந்துவிடும். ஆபீசுக்கு வெளியே சிறு சந்தை கூடும். சைக்கிளில் துணி மூட்டை கட்டி வரும் பாய், வளையல்காரர், பாத்திரக்காரர், ஐஸ் விற்கும் சீனர், முறுக்கும் வடையும் சுட்டு விற்கும் நம்மூர் அம்மாள் எல்லாரும் வருவார்கள். போன மாதத்துப் பாக்கியை வசூலிப்பவர்களும் வருவார்கள். பெண்கள் தமக்குள் கூட்டு கட்டினார்கள். மாதம் ஆளுக்கு இத்தனை வெள்ளி என்று போட்டு, முறை வைத்து ஒருவர் மொத்தமாக எடுக்கும் அந்தச் சீட்டில்தான் பல பெண்களுக்குத் தோடு வந்தது, தையல் இயந்திரம் வந்தது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு வந்தது. தீபாவளி வந்தால் கிள்ளானுக்கோ, பினாங்கிற்கோ, கோலாலம்பூரின் பத்து சாலைக்கோ போய் ஜவுளி எடுப்பது பெரிய பயணம். அந்தப் பத்து சாலைதான் பின்னர் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலை என்று பெயர் மாறியது.

பொருளோடு பாட்டும் கதையும் வந்தன. 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பல் ஆட்களை மட்டும் ஏற்றி வரவில்லை; நம் மக்கள் பெட்டிகளில் கட்டிக்கொண்டு வந்த சேலைகளும் புத்தகங்களும் அதில் வந்தன. 1924இல் தொடங்கிய தமிழ் நேசனும், 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் லயத்திற்கு வந்தால், படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். 1946இல் ரேடியோ மலாயா தொடங்கியது. முதலில் கிராணி வீட்டில், பிறகு கடையில், அதன்பின் டிரான்சிஸ்டர் வந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் தமிழ்க் குரல் ஒலித்தது.

படம் பார்ப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியுமா? தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி, இயந்திரத்தை ஓட விட்டால், பாயும் தலையணையுமாகக் குடும்பமே வந்து இடம் பிடிக்கும். 1952இல் வந்த பராசக்தியும் 1958இல் வந்த நாடோடி மன்னனும் பேசிய வசனங்கள் பெரட்டுக் களம் வரை வந்து சேர்ந்தன. எம்.ஜி.ஆர். பெரியவரா, சிவாஜி பெரியவரா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. மலாய்ப் படங்களையும் நாம் அந்நியமாக எண்ணியதில்லை. 1950இல் வெளிவந்த பக்தி என்னும் மலாய்ப் படத்தில் பி. ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய இயக்குநர் எல். கிருஷ்ணன், மதராசில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். இந்தப் பொழுதுபோக்குகளை வீண் என்று ஒதுக்குவது சரியன்று. ஓய்வு என்பதே இல்லாதிருந்த மக்களுக்கு, ஒரு மாலைப் பொழுது முழுவதும் தமக்கே உரியதாக இருந்தது அங்கேதான்.

நமது நாட்டில் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் வந்தது. 1978இல் வண்ணம் பெற்றது. அதோடு தோட்டத்திற்குப் புதியதொரு வியாபாரி வந்தார். அவர்தான் தவணைக்காரர். "இப்போது ஒன்றும் கொடுக்க வேண்டாம், மாதாமாதம் கொடுத்தால் போதும்" என்று தொலைக்காட்சிப் பெட்டியையும் குளிர்பதனப் பெட்டியையும் வாசலில் இறக்கினார். நமக்குப் புரியாத மொழியில் அச்சடித்த தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டார். பழைய கணக்குப் புத்தகம் புதிய அட்டை போட்டுக்கொண்டு வந்தது என்றே சொல்லலாம். இத்தகைய வாணிகத்தை ஒழுங்குபடுத்த 1967இல் தவணைக் கொள்முதல் சட்டம் வந்தது. 1969இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், எஸ். எம். முகமது இத்ரீஸ் தலைமையில், வாங்குபவருக்கும் உரிமை உண்டு என்பதைத் தமிழிலும் நமக்கு எடுத்துச் சொன்னது.

படித்தவர் செய்த காரியம்

இனி, பட்டதாரிகளிடம் வருவோம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பல இடங்களில் அது ஒற்றை அறையும் ஓர் ஆசிரியருமாகவே இருந்தது. அந்த அறையிலிருந்து பல்கலைக்கழகம் வரை போவது என்பது மலையேறுவதைப் போன்றது. மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தொடங்கியது. 1956இல் அங்கு இந்திய ஆய்வியல் துறை அமைந்தது. 1959இல் கோலாலம்பூரிலும் அதன் வளாகம் எழுந்தது. தோட்டத்துப் பிள்ளை ஒருவர் பட்டம் வாங்கினால் அது ஒரு வீட்டின் பட்டமாக இராது, லயமே கொண்டாடும். கூட்டுப் பணம், அடகு வைத்த தோடு, விடுமுறை நாளில் செய்த அதிக வேலை எல்லாம் அந்தப் பட்டத்திற்குள் இருக்கும்.

படித்தவர் கணக்கறிவைத் தம் மக்களுக்குப் பயன்படுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. சுங்கை சிப்புட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவர் துன் வீ. தி. சம்பந்தன். 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தனர். அப்போது அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று, சிறுகச் சிறுகப் பணம் போட்டு நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 1961இல் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தை அது வாங்கியது. கடைப் புத்தகத்தில் கடன்காரர் என்று பெயர் எழுதப்பட்ட மக்கள், பங்குப் புத்தகத்தில் உரிமையாளர் என்று பெயர் எழுதப்பட்டார்கள்.

இன்றைய கணக்கு

இன்று தோட்டங்கள் பல இல்லை. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனையும், செம்பனை இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டங்களும் வந்துவிட்டன. நம் குடும்பங்கள் பல அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. அப்படித் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்தின் கதையை நம் நாட்டு இளைஞர்களே ஜகாட் என்ற படமாக எடுத்து 2015இல் வெளியிட்டார்கள். முன்பு நாம் பிறர் எடுத்த படத்தைத் திடலில் அமர்ந்து பார்த்தோம். இப்போது நம் கதையை நாமே எடுக்கிறோம். இது பெருமைக்குரிய வளர்ச்சி.

சம்பளமும் மாறியிருக்கிறது. 2013 ஜனவரி முதல் தீபகற்பத்தில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 900 வெள்ளி என்று சட்டமாயிற்று. 2025 பிப்ரவரி முதல் அது 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. சம்பளம் வங்கிக் கணக்கில் போய்ச் சேர்கிறது. எந்தக் கங்காணியும் இடையில் இல்லை.

ஆனால் நேயர்களே, கடைப் புத்தகம் உண்மையில் மூடப்பட்டுவிட்டதா? இன்றைய பட்டதாரி பலர் கடனோடுதான் பட்டம் பெறுகிறார்கள். 1997இல் ஏற்படுத்தப்பட்ட பிடிபிடிஎன் என்னும் தேசிய உயர்கல்வி நிதியால் எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் படித்தார்கள்; அது நன்மையே. எனினும் அது திருப்பிச் செலுத்த வேண்டிய கடன். அதற்கு மேல் கடன் அட்டை, மோட்டார் சைக்கிள் தவணை, கைப்பேசியில் விரலால் தொட்டவுடன் "இப்போது வாங்கு, பிறகு கொடு" என்று அழைக்கும் கடை. அந்தக் காலத்துக் கடைக்காரர் லயத்துக்கு அருகில் இருந்தார். இந்தக் காலத்துக் கடைக்காரர் தலையணைக்கு அருகில் இருக்கிறார். முன்னவர் இரவில் கடையைச் சாத்துவார். பின்னவர் சாத்துவதே இல்லை.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, ஒரு மோட்டார் சைக்கிளுக்காக 8,000 வெள்ளி கடன் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தவணை ஐந்து ஆண்டுகள். நெடுங்காலம் வழக்கில் இருந்த முறைப்படி, முழுத் தொகைக்கும் ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டி போட்டால், ஆண்டு வட்டி 800 வெள்ளி; ஐந்து ஆண்டுக்கு 4,000 வெள்ளி. ஆக மொத்தம் 12,000 வெள்ளி. மாதத்திற்கு 200 வெள்ளி. "மாதம் 200 வெள்ளிதானே" என்று கேட்கும்போது அது சின்னத் தொகையாகத் தெரியும். எட்டாயிரத்திற்குப் பன்னிரண்டாயிரம் என்று எழுதிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதோடு, கடனின் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் முழு எட்டாயிரத்திற்கும் வட்டி கட்டுகிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும்.

கடனே கூடாது என்று நாம் சொல்லவில்லை. வேலைக்குப் போக வண்டி வேண்டியிருக்கலாம். வீடு வாங்கக் கடன் இல்லாமல் முடியாது. ஆனால் நாளைய உழைப்பை இன்றே விற்கிறோம் என்பதை அறிந்து விற்க வேண்டும். நம் பாட்டனுக்கு அறியும் வாய்ப்பு இல்லை. அவர் கேட்டது விலையை. அவருக்குக் கிடைத்தது பாக்கி. பட்டம் பெற்ற பேரப்பிள்ளைக்கு அந்தத் தாளை வாசிக்கத் தெரியும், வட்டியைக் கணக்கிடத் தெரியும். தெரிந்திருந்தும் வாசிக்காமல் கையொப்பமிட்டால், அந்தக் கையொப்பத்திற்கும் பாட்டன் வைத்த கைநாட்டுக்கும் என்ன வேறுபாடு?

ஆகவே முதல் சம்பளம் வந்த அன்று, சேலையும் எடுங்கள், கோயிலுக்கும் போங்கள், படமும் பாருங்கள். அன்று மாலை வீட்டில் ஒரு புத்தகத்தைத் திறந்து வரவு செலவை எழுதுங்கள். ஊழியர் சேமநிதிக்கு உங்கள் பங்கு 11 விழுக்காடு பிடிக்கப்பட்டிருக்கிறதா, முதலாளியின் பங்கு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 1951இல் அந்த நிதி தொடங்கியபோது இரு தரப்பிலும் ஐந்து ஐந்து விழுக்காடாக இருந்தது இன்று இவ்வளவு வளர்ந்திருக்கிறது. கல்விக் கடனுக்கு ஒரு தொகையை முதலிலேயே ஒதுக்குங்கள். கூட்டு போட்டு உங்களைப் படிக்க வைத்த அம்மாவை அருகில் உட்கார வைத்து அந்தக் கணக்கைப் படித்துக் காட்டுங்கள். அப்பா எங்காவது தவணைத் தாளில் கையொப்பமிட்டிருந்தால் அதையும் வாங்கிப் படித்துச் சொல்லுங்கள். தவணைப் பொருளின் விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டிவிட்டால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அதைப் பறித்துக்கொண்டு போக முடியாது என்று தவணைக் கொள்முதல் சட்டத்தில் விதி இருப்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். கடன் கழுத்துக்கு வந்துவிட்டதென்றால் வட்டிக்காரரைத் தேடி ஓட வேண்டாம். 2006இல் மத்திய வங்கி அமைத்த ஏகேபிகே என்னும் நிறுவனம் கட்டணமின்றி ஆலோசனை கூறுகிறது.

ஒரு காலத்தில் நம் வீட்டுக் கணக்கைப் பிறர் எழுதினார்கள், நாம் செலுத்தினோம். அந்தப் புத்தகத்தை நம் கைக்குக் கொண்டுவர, கூலி உயர்வு கேட்டு நின்றவர்களும், கள்ளுக்கடை வாசலில் நின்ற பெண்களும், சைக்கிளிலிருந்து இறங்க மறுத்தவர்களும் தேவைப்பட்டார்கள். இனி அதை எழுத வேண்டியவர் அந்த வீட்டில் படித்த பிள்ளைதான். இந்த மாதமே தொடங்கலாம்.